நீல முடிச்சில் இருந்த துணி

— அந்தக் கோட்டைக் கழட்டு, ஹிலோலா.

— என்னக்கா?

— கழட்டுன்னு சொல்றேன். அத்தை பஜார்லேருந்து வர்றதுக்குள்ள கழட்டி எங்கயாவது ஒளிச்சு வை. நான் செத்தேன். நீயும் செத்த. இந்த வீட்டு மருமக ரெண்டு பேரும் ஒரே நாள்ல போகப்போறோம்.

— நல்லா இல்லையா? தையல்காரம்மா வீட்டுல பாத்தப்ப தோள்பட்டை சரியா உக்காந்த மாதிரிதான் இருந்துச்சு. ஒருவேளை கை கொஞ்சம் நீளமோ?

— தோள்பட்டையைப் பத்தி யாரு கேட்டா? இந்தத் துணி உனக்கு எங்கேருந்து வந்துச்சு? அதைச் சொல்லு முதல்ல.

— பெரிய பெட்டியிலேருந்து. என் கல்யாணத்துக்கு எங்க அம்மா கட்டிக் கொடுத்தாங்களே, அந்த நீல முடிச்சு. நீங்கதானே தில்ரபோ அக்கா சொன்னீங்க, உன்னோடது பெட்டியில சும்மா கிடக்கு, வேணும்னா எடுத்துத் தெச்சுக்கோன்னு?

— சொன்னேன். உன்னோடதை எடுத்துக்கோன்னு சொன்னேன். இது உன்னோடது இல்லடி. நம்ம நாத்தனார் நொஸிமா வாழப்போற வீட்டு மர்கிலான் சம்பந்தியம்மாவுக்குக் கொடுக்கறதுக்கு அத்தை எடுத்து வெச்சது.

— இன்னிக்கு வர்றாங்களே, அவங்களுக்கா?

— இன்னிக்கு வர்றாங்களே, அவங்களுக்குத்தான். நேத்து படுக்கப் போறப்ப அத்தை என்னைக் கூப்பிட்டு, "தில்ரபோ, பெட்டியில நீல முடிச்சுல ஒரு அத்ரஸ் பட்டு இருக்கு. அதைத் தட்டுல வெச்சு, மேல மிட்டாய் போட்டுத் தயாரா வை. மவ்ஜூதா கிளம்புறப்ப நானே என் கையால கொடுக்கறேன்"னு சொன்னாங்க. இப்பப் போய்ப் பெட்டியைத் திறக்கறேன். நீல முடிச்சு அழகா இருக்கு. அவிழ்த்தா உள்ள ஒரு கையகலத் துண்டு.

— அது மிச்சம். வெட்டினதுல மிஞ்சினதை மடிச்சு, அதே கட்டுத்துணியில கட்டி, இருந்த இடத்துலயே வெச்சேன். கலைச்சுட்டுப் போன மாதிரி இருக்கக் கூடாதுன்னு.

— ஆகா, என்ன ஒழுங்கு. திருட வந்தவன்கூட இவ்வளவு நேர்த்தியா முடிச்சுப் போட்டுட்டுப் போக மாட்டான்.

— நான் திருடலக்கா.

— தெரியும். மூஞ்சியை அப்படி வெச்சுக்காதே. நீ திருடினா மறுநாளே வந்து எதை எங்கேருந்து எடுத்தேன்னு விவரமா சொல்லிட்டுப் போவ. ஆனா எப்படிடி மாத்தி எடுத்த? நீயா?

— எங்க அம்மா நீலத்துலதான் கட்டினாங்க. கல்யாணத்தன்னிக்கு எல்லாருக்கும் விரிச்சுக் காட்டிட்டுத் திரும்பக் கட்டினப்ப நான் பாத்து மனசுல வெச்சுக்கிட்டேன். பெட்டியில நீலம் ஒண்ணே ஒண்ணுதான் இருந்துச்சு. துணியைப் பாத்தப்ப, அன்னிக்குப் பாத்ததைவிட நல்லா இருக்கேன்னு தோணுச்சு. அப்பவே சந்தேகப்பட்டிருக்கணும், இல்லையா? அன்னிக்கு மணப்பொண்ணு முக்காட்டுக்குள்ளேருந்து நான்தான் துணியைச் சரியாப் பாக்கலையோன்னு விட்டுட்டேன்.

— இந்த வீட்டுல கட்டுத்துணி ஒரு இடத்துல நிக்குமா? பக்கத்து வீட்டுக்கு ரொட்டி கட்டி அனுப்பறோம். நம்ம நீலம் அங்க போகுது. அவங்க பதிலுக்கு சோம்சா கட்டி அனுப்பறாங்க. அவங்க சிவப்பு இங்க வருது. இந்தத் தெருவுல எந்தக் கட்டுத்துணி யாரோடதுன்னு ஆண்டவனுக்குத்தான் வெளிச்சம். அதுவும் இந்த வருஷம் நவ்ரூஸ் பண்டிகைக்கு முன்னாடி பெட்டியை மொத்தமா வெயில்ல கொட்டிக் காயவெச்சோமே. மழைத் தூறல் விழுந்துச்சு, கைக்கு வந்ததுல கட்டி உள்ள திணிச்சோம். நீ அன்னிக்கு உன் அம்மா வீட்டுல இருந்த.

— அப்போ என்னோடது?

— இந்தா, சிவப்புல. பிஸ்தாப் பச்சை. பாரு. இதைப் பாத்தா ஞாபகம் வருதா?

— வருது. இதுதான். ஐயோ.

— இப்ப வந்து என்ன பிரயோஜனம்? சரி, உனக்கு எதுக்குடி புதுக் கோட்டு? உன் கல்யாணத்துக்கு வந்த உடுப்பு அலமாரி கொள்ளாமக் கிடக்கே.

— அது எல்லாம் வெல்வெட்டும் ஜரிகையும்க்கா. அதைப் போட்டுக்கிட்டு நோட்டரி ஆபீஸ்ல மேஜைக்குப் பின்னாடி உக்கார முடியுமா? முதல் வாரம் உக்காந்தேன். வீட்டுப் பத்திரம் எழுத வந்த அம்மா எனக்கு வாழ்த்துச் சொல்லிட்டு, மாப்பிள்ளை எங்கேன்னு கேட்டாங்க.

— நீ என்ன சொன்ன?

— சாப்பிடப் போயிருக்கார்னு சொன்னேன். வேற என்ன சொல்றதுன்னு தெரியல.

— நாசமாப் போச்சு. சிரிக்க வைக்காதே, எனக்கு அழுகை வரவேண்டிய நேரம் இது.

— அதுக்கப்புறம்தான் யோசிச்சேன். துணி நிறைய வேண்டாம், ஒண்ணோட ஒண்ணு சேரணும். கறுப்புப் பாவாடை, சாம்பல் பேண்ட், வெள்ளைச் சட்டை, பாலேட்டு நிறத்துல ஒரு சட்டை, கருநீலத்துல நீள உடுப்பு. எதை எடுத்து எதோட போட்டாலும் தப்பா இருக்காது. காலையில இருட்டுல எடுத்தாக்கூடச் சரியா இருக்கும். ஆனா எல்லாம் வெறும் நிறமாப் போச்சு. ஏதோ பள்ளிக்கூடத்துக்குப் போற மாதிரி. எல்லாத்தையும் ஒண்ணாக் கட்டி நிறுத்தற மாதிரி ஒண்ணு வேணும்னு தோணுச்சு. இந்த அத்ரஸைப் பாத்தேன். இதுல கறுப்பும் இருக்கு, சாம்பலும் இருக்கு, பாலேட்டு நிறமும் இருக்கு. நடுவுல மட்டும் மாதுளைச் சிவப்பு கொஞ்சம் கசிஞ்ச மாதிரி. என்கிட்ட இருக்கற எல்லாத்துக்கும் இது சொந்தக்காரி மாதிரி இருந்துச்சு.

— சொந்தக்காரிதான். சம்பந்தி வீட்டுச் சொந்தக்காரி.

— கேலி பண்ணாதீங்கக்கா.

— கேலி பண்ணாம என்ன பண்றது? உனக்கு ஒண்ணு தெரியுமா? முனை வீட்டு ஹோஷியத் போன வாரம் தண்ணிக் குழாய்கிட்ட அத்தையை நிறுத்தி வெச்சு, "உன் சின்ன மருமகளுக்கு ஒரே ஒரு கறுப்புப் பாவாடைதானா? வேற வாங்கித் தர்றதில்லையா?"ன்னு கேட்டிருக்கா. நாலு பேர் இருந்தாங்களாம். அத்தை வீட்டுக்கு வந்து ஒரு வாய் சாப்பிடல. உன்கிட்ட சொல்லக் கூடாதுன்னு எனக்கு உத்தரவு.

— எனக்குத் தெரியாதேக்கா.

— தெரிஞ்சா என்ன செஞ்சிருப்ப?

— ஜரிகையைப் போட்டுக்கிட்டு ஆபீஸ் போயிருப்பேன், ஒருவேளை. அக்கா, அத்தை என்னை வேலையை விடச் சொல்லிடுவாங்களோ? வேலைக்குப் போற நாள்லேருந்துதான் இதெல்லாம்னு தோணும், இல்லையா? முதல்ல தெருவுல பேச்சு. இப்ப விருந்தாளிக்கு வெச்ச துணி. நான் அத்தை இடத்துல இருந்தா விடத்தான் சொல்லுவேன்.

— நீ அத்தை இடத்துல இருந்தா உன்னைப் பத்தி இப்ப நினைக்கறதைவிட நல்லாத்தான் நினைப்ப. சரி, புலம்பாதே. வழி பாப்போம். பஜார்ல இதே மாதிரி கிடைக்குமா?

— கிடைக்காது. தையல்காரம்மா பாத்துட்டுச் சொன்னாங்க, இது மர்கிலான்ல பழைய தறியில போட்டதாம், இந்தச் சாயத்துல இப்ப யாரும் போடறதில்லையாம்.

— அப்போ இப்படிச் செய்வோம். உன் பிஸ்தாப் பச்சையை நீல முடிச்சுல கட்டித் தட்டுல வெச்சிடுவோம். கட்டுத்துணி நீலம்தானே? அத்தை பாக்கறது கட்டுத்துணியைத்தான்.

— அவிழ்த்துப் பாக்காமக் கொடுப்பாங்களா?

— மாட்டாங்க.

— சம்பந்தியம்மா முன்னாடி அவிழ்த்தா?

— நான் செத்தேன். பெத்தவங்களைக் கூப்பிட்டுச் சொல்லிடு.

— வேண்டாம்க்கா. நான் சொல்லிடறேன். அத்தை வந்தவுடனே சொல்லிடறேன். கோட்டைப் போட்டுக்கிட்டே சொல்றேன். கழட்டிக் கையில வெச்சுக்கிட்டு நின்னா ஏதோ ஒளிச்ச மாதிரி இருக்கும்.

— இரு, அவசரப்படாதே. நான் முதல்ல பேச்சைத் திருப்பறேன். கேரட் நறுக்கலன்னு திட்டு வாங்கறேன். திட்டி முடிச்சுக் கொஞ்சம் களைச்சிருப்பாங்க, அப்போ நீ சொல்லு. எனக்குப் பழக்கம்தான்.

— கேட் சத்தம் கேக்குதா?

— அத்தைதான். ஏன் ஓடி வர்றாங்க? இந்த முட்டியை வெச்சுக்கிட்டு? கையில கறிப் பையும் இல்ல.

— தில்ரபோ. தில்ரபோ, எங்க இருக்க?

— இங்கதான் அத்தை, ஹிலோலா அறையில. கேரட் இன்னும் நறுக்கல அத்தை, தப்புதான், நான் வேணும்னே—

— கேரட் கிடக்கட்டும். அந்தத் துணி. தட்டுல வெச்சுட்டியா?

— இன்னும் வெக்கல. இதோ வெக்கப் போறேன்.

— வெக்கலையா? நிஜமா வெக்கலையா?

— சத்தியமா வெக்கல, அத்தை.

— அப்பாடா. வெக்காதே. எடுத்துப் பெட்டிக்கு அடியில போடு. எனக்கே கண்ணுல படாத மாதிரி போடு.

— போட முடியாது அத்தை.

— ஏன்? நீ ஏன் நடுவுல பேசற, ஹிலோலா?

— நான் போட்டிருக்கேன்.

— எதை?

— அந்தத் துணியை. இதுதான் அத்தை. என்னோட முடிச்சுன்னு நினைச்சு எடுத்துட்டேன். வெட்டித் தெச்சாச்சு. மன்னிப்புக் கேக்கறதுக்கு முன்னாடி எல்லாத்தையும் சொல்லிடணும்னு நினைச்சேன். தில்ரபோ அக்காவுக்கு இப்பத்தான் தெரியும். அவங்க மேல தப்பில்ல.

— வெட்டிட்டியா?

— ஆமாம், அத்தை.

— முழுசாவா? ஒட்டுப் போடவே முடியாத மாதிரியா?

— கையகலத் துண்டு ஒண்ணு மிச்சம் இருக்கு. அத்தை? அக்கா, அத்தைக்கு என்ன ஆச்சு? கட்டில்ல உக்காந்துட்டாங்க.

— தண்ணி. இல்ல, இரு, தேநீர் இருக்கு, ஆறிப்போச்சு, பரவாயில்ல. குடிங்க அத்தை. அவளைத் திட்டறதா இருந்தா மெதுவாத் திட்டுங்க, இன்னிக்கு முழுக்க வேலை இருக்கு.

— அழலடி. சிரிக்கறேன். எனக்கே தெரியல. கிண்ணத்தைப் பிடி. ஹிலோலா, இங்க வா. ஜன்னல்கிட்ட வந்து நில்லு. துணியோட ஓரத்துல பச்சை நூல் ஓடியிருந்துச்சா?

— இருந்துச்சு. இழை பிரியாம இருக்கறதுக்கு யாரோ கையால ஓட்டியிருந்தாங்க. தையல்காரம்மா பிரிச்சு எடுத்துட்டாங்க.

— யாரோ இல்ல. நான்தான். அன்னிக்கு வீட்டுல வேற நூல் இல்ல.

— அப்போ இது உங்க துணியா, அத்தை? சம்பந்தியம்மாவுக்குக் கொடுக்க வெச்சதுன்னு நீங்கதானே சொன்னீங்க? எனக்குத் தலை சுத்துது.

— ரெண்டும்தான், தில்ரபோ. கேளு. மவ்ஜூதா புது வீடு கட்டிப் போனப்ப நான் கொண்டுபோய்க் கொடுத்த துணி இது. அப்போ மவ்ஜூதா பிள்ளைக்கும் நம்ம நொஸிமாவுக்கும் கல்யாணப் பேச்சே எழல. வெறும் பழக்கம்தான். நல்லதாக் கொடுக்கணும்னு நானே மர்கிலான் போய், தறிக்காரர் வீட்டுல உக்காந்து வாங்கினேன். ஓரம் பிரிஞ்சுது, பச்சை நூல் ஓட்டினேன். அவ வாங்கிக் கண்ணுல ஒத்திக்கிட்டா. சரி. போன குளிர்காலத்துல கல்யாணம் பேசி முடிச்சு நிச்சயத்துக்கு ரொட்டி பிட்டோமே, அன்னிக்கு அவ என் மடியில ஒரு மூட்டை வெச்சா, ஞாபகம் இருக்கா?

— இருக்கு. எல்லாரும் பாத்தோமே. நீங்க அவங்களுக்கு முத்தம் கொடுத்தீங்க.

— முத்தம் கொடுத்தேன். என் மடியில என் பச்சை நூல் இருந்துச்சு.

— நான் செத்தேன்.

— நான்தான்டி செத்தேன். கொடுத்த துணியைக் கொடுத்தவ மடியிலயே திருப்பிப் போடறதுன்னா என்ன அர்த்தம்? உன் கையால வந்தது எனக்கு ஆகலேன்னுதானே? நாளைக்கு என் பொண்ணையும் அப்படித்தானே சொல்லுவா? யார்கிட்டயும் சொல்லல. உங்க மாமனார்கிட்டகூடச் சொல்லல. அந்த மூட்டையைப் பெட்டியில வெச்ச நாள்லேருந்து எனக்குச் சோறு இறங்கல. ஹோஷியத் பேச்சுக்குச் சாப்பிடாம இருந்தேன்னு நினைச்சீங்களா? அவ பேச்சை யாரு கேக்கறா?

— அப்புறம் ஏன் அத்தை இன்னிக்கு அதையே தட்டுல வைன்னு சொன்னீங்க?

— ஏன் சொன்னேனா? அவளுக்குத் திருப்பிக் கொடுக்கத்தான். சிரிச்சுக்கிட்டே கொடுக்கணும், அவ அவிழ்க்கணும், பச்சை நூலைப் பாக்கணும். எனக்கும் கண்ணு இருக்குன்னு தெரியணும். ராத்திரி அப்படித்தான் முடிவு பண்ணினேன். காலையில கறிக்கடையில நிக்கறேன். கடைக்காரர் வால் கொழுப்பு வேணுமான்னு கேக்கறார். எனக்கு வாயே வரல. என் பொண்ணு அடுத்த மாசம் அந்த வீட்டு அடுப்புல போய் நிக்கப்போறா, நான் இங்க துணியை வெச்சு அந்த வீட்டு வாசலை அடைக்கப் பாக்கறேனேன்னு தோணுச்சு. கறியை அங்கயே விட்டுட்டு வந்தேன். டாக்ஸிக்காரர் என்னம்மா வீட்டுல யாருக்காவது உடம்பு சரியில்லையான்னு கேட்டார்.

— நல்லவேளை அத்தை. நல்லவேளை நான் சோம்பேறி.

— அதுக்கு ஒரு நாள் உனக்குத் தனியாப் பாராட்டு விழா நடத்தறேன். இப்ப நீ சொல்லு ஹிலோலா. சாக்ஸைக்கூட நிறம் பாத்து மடிச்சு வெக்கற பொண்ணு நீ. நீ எப்படி மாத்தி எடுத்த?

— கட்டுத்துணியை நம்பினேன் அத்தை. எங்க அம்மா நீலத்துல கட்டினாங்க. பெட்டியில ஒரே நீலம் இருந்துச்சு. உள்ள இருந்தது அழகா இருந்துச்சு, வேற மாதிரியும் இருந்துச்சு. ஆனா நீலமாச்சேன்னு எடுத்துட்டேன். இன்னொரு தடவை யோசிச்சிருக்கணும். என்மேல கோபமா இருக்கீங்கன்னா சொல்லிடுங்க. பேசாம இருந்தா எனக்கு எது சரின்னு தெரியாது.

— கோபம் இல்ல. யோசிக்கறேன்.

— என்ன அத்தை?

— மவ்ஜூதாவும் கட்டுத்துணியைத்தான் நம்பியிருப்பாங்க, இல்ல?

— அவங்க வீட்டுப் பெட்டி நம்ம பெட்டியைவிடப் பெருசு அத்தை. மூணு மருமக. நான் போனப்ப பாத்தேன், மூட்டை மேல மூட்டை, கூரை வரைக்கும். அவங்களுக்கு எது எங்கேருந்து வந்துச்சுன்னு எப்படித் தெரியும்? ஏதோ ஒரு முடிச்சு, நல்ல துணி, சம்பந்திக்குக் கொடுக்கலாம்னு எடுத்திருப்பாங்க.

— நல்ல துணின்னுதானே எடுத்திருப்பாங்க, தில்ரபோ? மட்டமானதை எடுக்கலையே. பெட்டியிலேயே நல்லது எதுன்னு தேடியிருப்பாங்க.

— அதுதான் இது, அத்தை. தையல்காரம்மாகூடச் சொன்னாங்க.

— நான் எப்படிப்பட்டவ பாரு. ஒரு குளிர்காலம் முழுக்க இதை ஒரு தடவைகூட இப்படி நினைச்சுப் பாக்கல. நீ மாத்தி எடுத்து வந்து நின்னாத்தான் எனக்குப் புத்தி வருது. சரி, திரும்பு. முதுகுப் பக்கம் பாக்கறேன். மாதுளைச் சிவப்பை நடுவுல வரவிட்டிருக்காங்க. நல்ல கை. இதுக்குக் கீழ அந்தக் கறுப்புப் பாவாடைதானா?

— பாவாடையும் போடலாம், சாம்பல் பேண்ட்டும் போடலாம், கருநீல உடுப்பு மேலயும் போடலாம். ஒவ்வொரு நாளும் வேற மாதிரி தெரியும், ஆனா துணி அதேதான். தலைக்கு வெள்ளை முக்காடு கட்டினா ஆபீஸுக்கு. சிவப்புக் கட்டினா விருந்துக்கு. அழுக்குப் பட்டா கழுத்துப் பட்டையை மட்டும் தனியா எடுத்துத் துவைக்கலாம், பித்தான் போட்டிருக்கேன். நான் நிறையப் பேசறேனோ?

— பேசு. எனக்குப் பிடிச்சிருக்கு. என் பெட்டியில இருக்கற துணியில ஒண்ணையாவது நான் உடுத்தியிருக்கேனா? கொடுக்க வெச்சது, வந்தது, திரும்பக் கொடுக்க வெச்சது. என் உடம்புல எப்பவும் இந்தப் பூப்போட்ட வீட்டு கவுன்தான். திங்கக்கிழமை ஆபீஸுக்கு இதையே போட்டுக்கிட்டுப் போ. சுத்து வழியா இருந்தாலும் பரவாயில்ல, ஹோஷியத் வீட்டு வாசல் வழியாப் போ.

— அப்போ நான் வேலைக்குப் போகலாமா, அத்தை?

— உன்னை யாரு போக வேண்டாம்னு சொன்னா?

— யாரும் சொல்லல. நான்தான் நினைச்சுக்கிட்டேன்.

— இவளுக்கு இதே வேலை அத்தை. யாரும் அடிக்கறதுக்கு முன்னாடியே அழுது முடிச்சிடுவா. சரி, சம்பந்தியம்மாவுக்கு இப்ப என்ன கொடுக்கறது? வெறுங்கையோட அனுப்ப முடியாது.

— என் பிஸ்தாப் பச்சையைக் கொடுக்கலாம் அத்தை. இது உங்ககிட்டேருந்து நான் எடுத்தது, அதுக்குப் பதிலா.

— வேண்டாம். அது உங்க அம்மா உனக்குன்னு பாத்து எடுத்தது. அதையும் வெட்டு. ஆனா எல்லாத்தோடயும் சேருமான்னு பாத்து வெட்டு. தில்ரபோ, என் அறையில கொக்கியில ஒரு கம்பளிச் சால்வை இருக்கு, காப்பி நிறத்துல. எனக்குன்னு வாங்கினது. இன்னும் கடை மடிப்புகூடக் கலையல. அதைத் தட்டுல வை. ஏதோ ஒரு முடிச்சுல கட்டாதே, அப்படியே திறந்து வை. யாரு யாருக்கு எதைக் கொடுக்கறாங்கன்னு பாக்கட்டும்.

— கறி?

— உன் வீட்டுக்காரனுக்குப் போன் போடு. கறிக்கடையில நான் விட்டுட்டு வந்ததை எடுத்துட்டு வரச் சொல்லு. வால் கொழுப்பு வேணும்னு சொல்லு, இப்ப எனக்கு வாய் வருது.

— அத்தை, தெருவுல கார் நிக்கற சத்தம். அவங்கதான், இவ்வளவு சீக்கிரமா? நான் கேரட்டுக்கு ஓடறேன்.

— நான் உள்ளயே இருந்துக்கறேன் அத்தை. அவங்களுக்குத் துணி அடையாளம் தெரிஞ்சுதுன்னா சங்கடப்படுவாங்க, இல்லையா? வேற சட்டை மாத்திக்கிட்டு, தேநீர் எடுத்துட்டு வர்றப்ப வெளியே வர்றேன்.

— மாத்தாதே. என் கையைப் பிடிச்சுக்கோ, முட்டி வலிக்குது. கழுத்துப் பட்டையை நேரா இழு. என்கூட நடந்து வா, எனக்கு முன்னாடி நில்லு. வாங்க சம்பந்தியம்மா, வாங்க, வழியெல்லாம் நல்லா இருந்துச்சா? முதல்ல இங்க பாருங்க, நீங்க எனக்குக் கொடுத்த துணியை, ஆசைப்பட்டு நான்தான் இவளுக்குத் தெச்சுப் போடச் சொன்னேன்.